போய்ட்டு வரும்

காலையில் வண்டியை எழுப்புவதற்கு முன்னால் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும். பல் துலக்குவது மாதிரி அது ஒரு பழக்கம். நான் என் டார்வா கம்பெனி லாரியின் முன் சக்கரத்தைத் தட்டி, "தங்கமான வண்டி" என்பேன். முகப்பில் இருக்கும் செவிப்பலகையில் பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கும். கேட்டுக்கொண்டது என்று அர்த்தம். எதிர்வீட்டுக்காரர் தன் வேழம் கம்பெனி லாரியிடம் இதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். தெரு முழுக்க அந்த நேரத்தில் புகழ்ச்சிதான். புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் ஏதோ பஜனை என்று நினைத்துக்கொள்வார்கள்.

செவிப்பலகையை லாரிகளில் பொருத்தியபோது, எந்திரத்தில் எங்கே சத்தம் வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்றார்கள். எந்திரத்தைக் கேட்கும் காது எங்களையும் கேட்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு கம்பெனியும் நம்பகப் புள்ளி என்று ஒன்றை வெளியிடுகிறது. அதைப் பார்த்துத்தான் வண்டி வாங்குவார்கள். வண்டிக்காரர்கள் தங்களுக்குள் இயல்பாகப் பேசும்போது வண்டியைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று திரட்டிப் போடுகிற புள்ளி அது. கருத்துக் கேட்டால் மனிதன் பொய் சொல்வான், தன்னை மறந்து பேசும்போது உண்மை வரும் என்று எவனோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறான். கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு யார் தன்னை மறப்பார்கள் என்று அவன் யோசிக்கவில்லை.

கூடவே எங்களுக்கும் ஒரு புள்ளி உண்டு. விசுவாசக் குறியீடு. வண்டியைக் குறை சொன்னால் அது இறங்கும். அது இறங்கினால் பட்டறை வரிசையில் உன் வண்டி பின்னால் போகும். அடுத்தவனுக்கு இன்று வரும் மென்பொருள் உனக்குப் பொங்கல் கழித்து வரும். இப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று கம்பெனிகள் சொல்கின்றன. இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் கோபத்தில் தன் லாரியைக் கழுதை என்றான். அது இன்றும் அவன் வாசலில்தான் நிற்கிறது. உள்ளே கோழி அடைகாக்கிறது.

ஆக, எல்லாக் கம்பெனியும் நூற்றுக்கு நூறை ஒட்டித்தான் புள்ளி வாங்குகிறது. எது நல்ல வண்டி என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டிய நேரம் வந்திருந்தது.

என் டார்வாவுக்கு ஓய்வு அறிவித்துவிட்டார்கள். அறுவடைக்கு முன்னால் அதன் மூளையை அணைத்துவிடுவார்கள். புதிதாக ஒன்று வாங்க வேண்டும். மறுபடி டார்வாவா, இல்லை வேழத்துக்கு மாறுவதா? மாறினால் அப்பா காலத்திலிருந்து சேர்த்த விசுவாசமெல்லாம் அன்றோடு அழியும். பிறகு திரும்பிப் போகவும் முடியாது, டார்வாக்காரன் வாசலில் சேர்க்கமாட்டான். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. அந்த வண்டியில் உட்காரப்போவது நான் இல்லை. நேத்ரா.

எங்கள் லோடு கொல்லிமலை லோடு. அன்னாசி, வாழை, மிளகு. லாரி தானோட்டிதான், ஆனால் மலைப்பாதையில் உரிமம் பெற்ற ஓர் ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்பது சட்டம். என் கண் பரிசோதனையில் தேறவில்லை. என் மனைவி மலையில் பிறந்தவள், அவள் தேறினாள். ஏறுவது எந்த வண்டிக்கும் சுலபம். உயிர் இறக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போது சக்கரத்தைப் பிடித்து, அந்த வேகத்தையே மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் மீள்பிடி என்ற ஏற்பாடு எல்லா லாரியிலும் உண்டு. மலைமேல் சார்ஜ் போட்டு இறங்கும்போது பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதற்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை. அப்போது நல்ல வண்டி சட்டென்று சாதாரண பிரேக்குக்கு மாறும். கெட்ட வண்டி ஒரு கணம் யோசிக்கும். கொண்டை ஊசி வளைவில் அந்த ஒரு கணம் போதும்.

வேழம் யோசிக்குமா, யோசிக்காதா? இதை யாரிடம் கேட்பது?

கேட்பதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. காரவள்ளி அடிவாரத்து டீக்கடையில்தான் நான் முதலில் கவனித்தேன். யாரோ ஒருவர் லாரி வைத்திருக்கும் பிரணவ் அண்ணனிடம், "வண்டி எப்படிங்கண்ணா?" என்றார். அண்ணன் டீயை ஆற்றியபடி, "அதுக்கென்னங்க, நல்லா போகும்" என்றார். கேட்டவர், "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அண்ணன் வைத்திருந்த கம்பெனி வண்டியை அவர் வாங்கவில்லை.

நம் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. பத்தடி தள்ளியிருக்கும் கடைக்குப் போனாலும் "போய்ட்டு வர்றேன்" என்றுதான். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். அதனால் "நல்லா போகும்" என்றால், திரும்பி வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். "போய்ட்டு வரும்" என்றால் நம்பி ஏறலாம். செவிப்பலகைக்கு இரண்டும் பாராட்டுதான். இரண்டுக்கும் பச்சை விளக்கு மினுங்கும். அந்தக் காதுக்குத் தமிழ் தெரியும், ஆனால் சொல்லாமல் விட்டது கேட்காது. அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அந்த வருடம் கடையில் "போகும்" என்ற பேச்சே குறைந்துபோனது. யாரைக் கேட்டாலும் "போய்ட்டு வரும், போய்ட்டு வரும்" என்றார்கள். வண்டிகள் தேறிவிட்டன என்று நினைத்தேன். என்னைப்போல எதையும் சந்தேகப்படுகிறவன் அப்படி நினைத்ததுதான் வேடிக்கை.

புதுச்சத்திரத்தில் என் தங்கை கனிஷ்கா வீடு. அவள் புருஷன் லோகித் இரண்டு வருடமாக வேழம் வைத்திருக்கிறான், அதே மலைக்குத்தான் ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் வேழம் நின்றது. கழுவித் துடைத்து, கண்ணாடிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தார்கள்.

"வாங்க மச்சான். என்ன, டார்வாக்காரரு வேழத்து வாசப்படிய மிதிக்கறீங்க? தீட்டு ஆகிடாதுங்களா?" என்றான் லோகித்.

"தீட்டுக் கழிக்கத்தான் மாப்ள வந்தேன். கறிக்கொழம்பு வாசனை பைபாஸ் வரைக்கும் வருது."

"கறிக்கு வந்தீங்களா, காதுகுத்துக்கு வராததுக்குச் சமாதானம் சொல்ல வந்தீங்களா?"

கனி உள்ளிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் மகளின் காதுகுத்து அன்று நேத்ரா மலையில் மாட்டிக்கொண்டாள், நான் போகவில்லை. தாய்மாமன் மடி இல்லாமலே காது குத்தினார்கள். எங்கள் பக்கத்தில் அதைச் சுலபமாக மறக்கமாட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தோம். நான் வண்டியைச் சுற்றிவந்து, செவிப்பலகைக்கு நேராகவே நின்று கேட்டேன். மறைத்துக் கேட்டால்தான் சந்தேகம் வரும்.

"எப்படி மாப்ள வண்டி?"

"போய்ட்டு வரும் மச்சான்" என்றான் லோகித். தயங்கவில்லை. கொஞ்சமாவது தயங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எறக்கத்துல?"

"போய்ட்டு வரும்னு சொல்றேன்ல. கண்ண மூடிட்டு வாங்குங்க."

பச்சை விளக்கு மினுங்கியது. நான் கனியைப் பார்த்தேன். அவள் சொம்பின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சரி கனி, போய்ட்டு வர்றேன்" என்றேன்.

"சரிண்ணா. போ" என்றாள்.

வீடு வரும்வரை அது காதிலேயே நின்றது. நேத்ராவிடம் சொன்னேன்.

"போன்னா சொன்னா? வெறும் போவா? பொறந்தவனப் பாத்து அப்படிச் சொல்லுவாளா?" என்றாள் அவள்.

"சொன்னா."

"காதுகுத்துக் கோவங்க அது. நாளைக்கே ஒரு கொலுசு வாங்கிட்டுப் போயி புள்ளைக்குப் போட்டுட்டு வந்துருங்க. வாயத் தொறந்தே சொல்லீட்டாளா! ஊம், இருக்கட்டும்."

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கொலுசு கொண்டுபோய்ப் போட்டேன். கனி வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு லோகித் எங்கள் பக்கத்திலேயே நின்றான். கனி அழுவதுபோல இருந்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று திரும்பி வந்து வேழத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். என் போனையும் நேத்ராவின் போனையும் வண்டியோடு இணைத்துத் தந்தார்கள். டார்வாவை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசிவரை அதைத் தங்கம் என்றுதான் சொன்னேன்.

முதல் லோடுக்கு விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தேன். பின்னால் காலிக் கூடைகள். பேட்டரி முழுதாக நிறைந்திருந்தது. நேத்ரா ஏறிப் பெல்ட் போட்டாள். டார்வாவாக இருந்தால் 'பயணம் தொடங்குகிறது' என்று செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லும். வேழம் பெண் குரலில், எங்கள் ஊர் இழுப்போடு சொன்னது:

"போய்ட்டு வர்றோமுங்க."

நேத்ரா சிரித்துவிட்டாள். "ஏங்க, கேட்டீங்களா? வண்டியே சொல்லுது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வார்த்தையை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? எவனும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் வரிசையாக லாரிகள் நிற்கும். எந்த வண்டிக்காரன் 'வரும்' என்று சேர்த்தான், எவன் சேர்க்கவில்லை, எவன் சேர்க்காத பிறகு எந்த வண்டி விற்கவில்லை என்று அவை எண்ணிக்கொண்டே இருந்திருக்கும். பிறகு 'போகும்' என்றவர்களுக்குக் குறியீடு இறங்கியிருக்கும். ஏன் இறங்கியது என்று அவர்களுக்கே புரிந்திருக்கும். அதனால்தான் அந்த வருடம் எல்லா வண்டியும் தேறியது. அதனால்தான் லோகித் தயங்கவில்லை.

அப்படியானால் கனி? வண்டிக்குச் சொல்லும் வார்த்தை செத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வண்டியைப் பற்றிச் சொல்ல முடியாததை அண்ணனுக்கு விடைகொடுக்கும்போது சொன்னாள். நான் பதிலுக்குக் கொலுசு வாங்கிக்கொண்டு போனேன்.

"ஒரு நிமிஷம் இரு" என்று நேத்ராவிடம் சொல்லிவிட்டுக் கனிக்குப் போன் செய்தேன். போனும் வண்டியின் காதுதான், தெரியும். வேறு வழியில்லை.

"கனி, அன்னிக்கு நான் கெளம்பறப்ப என்னமோ சொன்னியே."

"என்ன சொன்னேன்? போய்ட்டு வான்னுதாண்ணா சொன்னேன்." மூச்சு விடாமல் பேசினாள். "எங்க வண்டியும் தெனம் போய்ட்டுத்தான் வருது. போய்ட்டு வருதுண்ணா. நல்லா போய்ட்டு வருது."

"மாப்ள எங்க?"



"மலைக்குத்தான். போனாரு" என்றாள். வைத்துவிட்டாள்.

நேத்ரா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "நேரமாச்சுங்க. போய்ட்டு வர்றேன்."

அதற்கு நான் சொல்லவேண்டிய பதில் இரண்டே வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. இறங்கு என்று சொன்னால் குறியீடு இறங்கி முதல் நாளே வண்டி வாசலில் நின்றுவிடும், அறுவடை மலையிலேயே அழுகும். ஒன்றும் சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். பச்சை விளக்கு காத்துக்கொண்டிருந்தது.

"போ" என்றேன்.

அவள் முகத்தில் முதலில் கோபம் வந்தது. வாயைத் திறந்தாள். கனியின் 'போ' அவளுக்கு அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கோபம் அப்படியே வடிந்துபோனது. பெல்ட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க," என்றது வேழம், "ஏதாச்சும் கொறைங்களா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் நேத்ரா. "எனக்குத் தலசுத்தல். வண்டி தங்கமான வண்டி."

"தங்கம்" என்றேன் நானும்.

பச்சை விளக்கு உடனே மினுங்கவில்லை. கொஞ்சம் யோசித்தது.

தலைசுற்றல் இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியவில்லை. லோகித் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டான். மறுநாளும் வந்தான். இன்றுவரை வருகிறான். வேழம் நல்ல வண்டியாகவே இருக்கலாம். காதுகுத்துக் கோபம் வெறும் கோபமாகவே இருந்திருக்கலாம். யாரைக் கேட்பது? அன்னாசியை இப்போது வேறு யாரோ இறக்குகிறார்கள்.

நான் சொன்ன 'போ'வும் இந்நேரம் எங்கோ எண்ணப்பட்டிருக்கும். அதை இன்னொரு முறை பயன்படுத்த முடியாது. அதனால் நேத்ரா இப்போது காய்கறி வாங்கக் கிளம்பினாலும் எதுவும் சொல்வதில்லை. சாவு வீட்டிலிருந்து எழுந்து போவதுபோல் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். நானும் எதுவும் சொல்வதில்லை.

வாசலில் நிற்கும் வேழம் மட்டும் தினமும் தவறாமல் சொல்கிறது: "போய்ட்டு வாங்க."