சுரண்டிய வாய்

வெயில் குன்றின் மேல் ஏறிவிட்ட நேரத்தில் நானும் பக்ரியும் அந்தக் கல்லறைக்கு வந்து சேர்ந்தோம். அவன் தோளில் சாந்துப் பை, என் தோளில் கண்ணாடி. சிரிக்காதீர்கள், கண்ணாடி பிடிப்பதுதான் என் வேலை. பழங்கால அரசர் காலத்துக் கல்லறைகள் நிறைந்த இந்தக் குர்னா குன்றில், மின்சாரம் எட்டாதவற்றில் வேலை நடந்தால், வாசலில் நின்று வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்ப ஓர் ஆள் வேண்டும். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பலகை ஒன்று நிற்கும். நான் அனுப்பும் வெயில் அதில் பட்டுத் திரும்பி, வேண்டிய சுவரில் விழும். சூரியன் நகர்ந்தால் நானும் நகர வேண்டும்.

"சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான் மச்சான்" என்றான் பக்ரி.

"நான் நிக்கலைன்னா நீ சுவருக்குப் பதிலா உன் மூக்குல சாந்து பூசிக்கிட்டு இருப்ப."

அவன் சிரித்தான். என் தங்கை நஃபீசாவைக் கட்டியவன். உடைந்த சுவர்ச் சிற்பங்களைச் சாந்து வைத்துக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரன். அவன் சிரித்து நான் பார்த்தது அன்று காலைதான் கடைசி.

அந்தக் கல்லறை எங்களுக்குப் புதிதல்ல. அரசாங்கம் வீடுகளை இடித்து எங்களைக் கீழே புது ஊருக்கு அனுப்புவதற்கு முன், பக்ரியின் வீடு அதன் வாசலை ஒட்டித்தான் இருந்தது. உள்ளே அவர்கள் ஆடு கட்டினார்கள். இன்றும் அங்கே ஆட்டுப் புழுக்கை வாசம் போகவில்லை.

ஓர் அரசனின் மகளுக்காக வெட்டிய கல்லறை அது. அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்து அரசர்கள் பெயரும் முகமும் இருக்கும்வரை தங்களுக்குச் சாவில்லை என்று நம்பியவர்கள். அதனால் ஒருவனை ஒழித்துக்கட்ட நினைத்தவன் முதலில் அவன் முகத்தைத்தான் கொத்தினான். இவள் அப்பனுக்கும் அதுதான் நடந்தது. பின்னால் வந்த அரசன் ஆள் விட்டு, சுவரில் அமர்ந்திருந்தவன் முகத்தை முழுக்கக் கொத்திவிட்டான். அவன் முழங்காலருகே தாமரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்தச் சின்ன மகளை மட்டும் விட்டுவிட்டான்.

அவள் முகத்தில் எல்லாம் இருந்தது. கண்ணில் தீட்டிய கறுப்பு மையும் காதோரச் சடையும் அப்படியே இருந்தன. மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு குழி.

அந்தக் குழியைச் சாந்தால் அடைப்பதுதான் வேலை. தொல்லியல் துறை அதிகாரியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அடைக்கிறதோட நிறுத்திக்கோ பக்ரி. இல்லாத உதட்டைச் செதுக்கி வெச்சா அது பொய். ஒரு கோடு போட்டாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

நான் வெயிலைத் திருப்பி விட்டேன். பக்ரி குழியருகே குனிந்தான். அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"மச்சான், இது அந்தக் காலத்துக் கொத்து இல்ல. கல்லு இன்னும் வெள்ளையா இருக்கு. யாரோ நம்ம ஆளுங்கதான் சுரண்டியிருக்காங்க."

எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிள்ளை தங்காத பெண்கள் அந்த அரசர்களின் உருவத்தில் ஒரு சிட்டிகை சுரண்டி, தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். கீழே கோயில் சுவர்களில் விரல் புகும் அளவுக்குப் பள்ளம் பள்ளமாக இருப்பது அதனால்தான்.

"பிள்ளைக்காகச் சுரண்டியிருப்பா. பொறந்திருக்கும், விடு" என்றேன்.

மதியத்துக்குச் சற்று முன் நஃபீசா சாப்பாடு கொண்டுவந்தாள். வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டி, பழைய பாலாடைக்கட்டி, வெங்காயத் தாள். கூடவே மகள் ஹனியா. அடுத்த பெருநாளுக்கு எட்டு வயது முடியும். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, அழுதாலும் சத்தம் வராது. காது கேட்கும். நாக்கும் தொண்டையும் நன்றாக இருப்பதாக அஸ்யூத் நகரத்துப் பெரிய மருத்துவர் வரைக்கும் சொல்லிவிட்டார்கள். அவள் வாயிலிருந்து "அம்மா" என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும் என்பதுதான் என் தங்கையின் ஒரே பிரார்த்தனை.

நஃபீசா வாசலுக்கு வெகுதூரத்திலேயே நின்றுகொண்டாள். "அண்ணே, இங்க வந்து வாங்கிக்கோ."

"உள்ளதான் நிழல் இருக்கு, வா."

"எனக்கு ஆட்டு வாசம் ஆகாது."

வீட்டில் ஆட்டோடு ஆடாகப் படுத்து எழுகிறவள் பேசுகிற பேச்சா இது என்று நான் கேலி செய்துகொண்டிருந்தபோதே ஹனியா என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். குடும்பம் கீழே குடிபோன பிறகு பிறந்தவள், அந்தக் கல்லறைக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. இடம் தெரிந்தவள் மாதிரி நேராகப் போனாள். நான் அனுப்பிய வெயில் வட்டத்துக்குள் நின்று, கையைத் தூக்கி, அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

இன்னொரு கையால் தன் வாயை மூடினாள்.

"அவள வெளிய கொண்டு வாங்க!" நஃபீசா அலறினாள். "பக்ரி, அவ அதைத் தொடக் கூடாது!"

பக்ரி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அப்போதே பாதி புரிந்திருக்க வேண்டும்.

"நீயா?" என்றான்.

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "உங்கம்மா உனக்கு ரெண்டாங் கல்யாணம் பேசிட்டு வந்துட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்? வீட்டுச் சாவிய எடுத்துட்டு ஆட்டுக் கொட்டிலுக்குள்ள போனேன். ராசா முகத்துல சுரண்ட ஒண்ணுமே இல்ல. இவ ஒருத்திதான் கைக்கு எட்டுனா. உதடு மேடா இருந்துச்சு, சீக்கிரம் உதிர்ந்துச்சு."

"வாயையா சுரண்டுன?"

"சாவியால ஒரு சிட்டிகைதான் சுரண்டி எடுக்க நெனச்சேன். கை நிக்கல. முழுசையும் குடிச்சேன்." தலையில் அடித்துக்கொண்டாள். "அதோட வாயத் தின்னுட்டுத்தான் இவள வாயில்லாமப் பெத்தேன். இவ ஒவ்வொரு தடவை வாயத் திறக்கும்போதும் எனக்கு அந்தச் சாவிச் சத்தம் கேக்குது பக்ரி."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை வருடமும் அவள் இதைத் தனியொருத்தியாகச் சுமந்திருக்கிறாள்.

பக்ரி சாப்பாட்டைத் தொடவில்லை. ஹனியாவின் முகவாயைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாந்தைக் குழைக்க ஆரம்பித்தான்.

"வேண்டாம்டா. வேலை போயிரும்" என்றேன்.

"எடுத்ததத் திருப்பிக் குடுத்துருவோம் மச்சான். என் பொண்ணுக்கு வாய் வரட்டும். நீ வெயிலப் புடி."

நான் பிடித்தேன். மாட்டேன் என்று கண்ணாடியைக் கவிழ்த்து வைத்திருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். அன்று அது எனக்குத் தோன்றவில்லை, மருமகள் பேசுவாள் என்ற ஆசைதான் இருந்தது.

வெள்ளித்தாள் பலகையைச் சாய்த்துப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நஃபீசா எழுந்து, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். பக்ரி ஹனியாவை எதிரே நிறுத்தி, அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சாந்தில் உதடு வைத்தான். மேலுதட்டின் நடுவே சின்ன மேடு, இடது ஓரத்தில் லேசான இறக்கம். அரசன் மகளுக்கு எங்கள் வீட்டு வாய். மூடிய உதடுகளாகத்தான் செய்தான், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேலை முடிகிற நேரத்தில் ஹனியாவை வெளியே அனுப்பிவிட்டான். அவள் என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

உள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்தது. அதன் பின்னால் வேறொரு வாசம் வந்தது. பிசினும் தேனும் கலந்து பூட்டிய பெட்டிக்குள் வெகுகாலம் கிடந்த வாசம். ஆட்டு வாசம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சாந்துக் கத்தி சுரண்டும் சத்தம் நின்றது.

யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக, நீரில் மூழ்கி எழுந்தவர் இழுக்கும் மூச்சு.

பிறகு ஒரு சிறுமியின் குரல்.

"அம்மா."

உள்ளே நஃபீசா கதறினாள். "பேசிட்டா! அண்ணே, ஹனியா பேசிட்டா!"

நான் குனிந்து பார்த்தேன். ஹனியா என் பக்கத்திலேதான் நின்றாள்.

வாய் மூடியிருந்தது.

"அம்மா, பசிக்குது" என்றது உள்ளேயிருந்த குரல்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணாடி சாய்ந்தது. உள்ளே கும்மிருட்டானது. அந்த இருட்டில் என் தங்கை "இதோ கண்ணு, இதோ என் ராசாத்தி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். பக்ரி சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தான். வெயிலில் நின்ற மகளைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"இவ இங்கயேதான் இருந்தாளா? உள்ள திரும்பி வரலையா?" என்று கிசுகிசுத்தான்.

இருவரும் போய் நஃபீசாவை இழுத்து வந்தோம். அவள் வர மறுத்தாள். "பசிக்குதுங்கறா. அவ வாயில்லாம எத்தனை வருஷம் எதுவும் திங்கல தெரியுமா? நான்தானே காரணம், விடுங்க!"

பக்ரி உளியை எடுத்தான். "சாந்து இன்னும் காயல. கொத்தி எடுத்துர்றேன். வெயிலப் புடி மச்சான்."

நான் மறுபடியும் பிடித்தேன். உளி ஒரு தட்டுத் தட்டிய சத்தம் கேட்டது.

நஃபீசாவின் மடியிலிருந்த ஹனியா துள்ளி விழுந்தாள். வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் அலறினாள்.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். "உன் பொண்ணக் கொத்துறடா!"

உளி கீழே விழுந்தது. அதன் பிறகு அவன் அதைத் தொடவில்லை.

சில நாள் கழித்து அதிகாரியம்மா வந்தார். பக்ரி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தயாராக நின்றான். அவர் சுவரை வெகுநேரம் பார்த்தார். விரலால் அந்த உதடுகளைத் தடவினார். "இங்க ஒரு குழி இருந்துச்சுன்னுல்ல நெனச்சேன்? வேற கல்லறையோட குழப்பிக்கிட்டேன் போல" என்றார். சாந்து எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. ஏதாவது தண்டனை கிடைத்திருந்தால் பக்ரி கொஞ்சம் தேறியிருப்பான். அதுவும் கிடைக்கவில்லை. கல்லறைக்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டினார்கள்.

நஃபீசா தினமும் மதியம் ரொட்டியோடு அந்தக் கதவருகே போய் உட்கார்ந்தாள். பிட்டுப் பிட்டு உள்ளே போட்டாள், பேசினாள், சிரித்தாள். வீட்டில் ஹனியாவுக்குத் தட்டு வைக்க மறந்தாள். நான் திட்டினால், "சுவத்துல இருக்கறவளுக்கு நான் பட்ட கடன ஹனியா பொறுத்துக்குவாண்ணே. அது என்னை அம்மாங்குது" என்றாள். ஹனியா மூலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காது நன்றாகக் கேட்கும் பிள்ளை. பக்ரி மகளின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

ஒரு நாள் நஃபீசா காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தாள். மதியம் ஹனியா என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் ரொட்டி. மறு கையால் என் கண்ணாடியைச் சுட்டிக்காட்டி, அங்கியைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கண்களைப் பார்த்து மறுக்க என்னால் முடியவில்லை.

குன்றில் ஆள் இல்லை. கம்பிகளின் வழியே வெயிலை உள்ளே விட்டேன். பலகை அங்கேயே நின்றிருந்தது. வெளிச்சம் சுவரில் போய் அந்த முகத்தில் விழுந்தது.

மூடிய உதடுகளாகத்தான் பக்ரி செய்திருந்தான்.

இப்போது அவை திறந்திருந்தன. ஓரத்தில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

ஹனியா கம்பியில் முகத்தை வைத்தாள். அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அதே நொடியில், அந்த அசைவுக்குச் சரியாக, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என் வாய எப்பத் திருப்பித் தருவீங்க, மாமா?"

கேட்டது சுவரில் நின்றவளா, என் பக்கத்தில் நின்றவளா, எனக்குத் தெரியாது. இருவருக்கும் அதைக் கேட்க உரிமை இருந்தது.

கண்ணாடியை மண்ணில் கவிழ்த்து வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஹனியாவைத் தூக்கிக்கொண்டு திரும்பியவன், ஏனோ ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டேன்.

சுவரில் வெயில் அப்படியே இருந்தது.