மூன்று மணிச் சில்லிப்பு

முடிச்சூர் வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி, கையைத் துடைத்துத் துண்டைக் கொடியில் போட்ட பிறகு, சரியாக மூன்று மணிக்கு, கெசியாவின் இடது முன்கையில் சில்லென்று ஏதோ பரவியது. தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை. மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் இதே நேரத்தில் இப்படித்தான். நரம்புக் கோளாறு என்று தேற்றிக்கொண்டிருந்தாள்.

இன்றுதான் உறைத்தது. ஆய்வகத்தில் செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றும் நேரம் அது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சூடாக்காமல் அப்படியே ஊற்றுகிற சோம்பேறி ஒருத்திதான். சீனியர் ஈவ்லின் அக்கா.

ஸ்கூட்டியில் குரோம்பேட்டை ஆய்வகத்துக்குப் பறந்தாள். உடம்புக்கு வெளியே தோல் வளர்க்க கெசியா வடிவமைத்த ஜெல்லில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் தோலுக்குள் இருப்பது போலவே பின்னியிருக்கும். உடம்பைவிட்டு வந்துவிட்டோம் என்பது செல்களுக்குத் தெரியவே கூடாது. அதற்குத்தான் நான்கு வருட உழைப்பு. போன மாதம் ஆய்வகத்தில் கொதிநீராவி இடது முன்கையைச் சுட்டபோது, இன்ஃபெக்‌ஷன் டெஸ்ட்டுக்கு என்று சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டு, காயத்தின் ஓரத்தில் துளித் தோலை வெட்டி எடுத்தவள் ஈவ்லின் அக்காதான். கூடப்பிறந்தவளாக நினைத்துக் கையை நீட்டியிருந்தாள் கெசியா.

ஆய்வகத்தில் ஸ்பிரிட் வாசனையும் ஏ.சி.யின் உறுமலும் மட்டும். ஈவ்லின் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் திறந்த தட்டில் மாநிறமாக ஒரு துண்டுத் தோல். இடுக்கியால் அதன் ஓரத்தைக் கிள்ளினாள்.

வாசலில் நின்ற கெசியாவுக்கு வலித்தது.

"யாரோடதுக்கா அது?"

ஈவ்லின் திரும்பவில்லை. "கேட்டா குடுத்திருப்பியாடி? உன் செல் மட்டும்தான் அந்த ஜெல்லுல நிக்குது."

"எனக்காக ஜெபம் பண்ணீங்களேக்கா!"

எவ்வளவு பெரிய துரோகம்! தட்டைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அது ஒண்ணுதான்னு நெனச்சியா? நாப்பது பீஸ் சிங்கப்பெருமாள் கோவில்ல இருக்கற கம்பெனிக்கு நேத்தே போயாச்சு. ஊசி குத்தி எவ்வளவு தாங்குதுன்னு இன்னைக்கு டெஸ்ட்."

முன்கையில் ஒரு புள்ளி சிவந்தது. யாரும் தொடவில்லை.

பக்கத்தில் இன்னொன்று.

பிறகு ஒரு வரிசை. சம இடைவெளியில். ஒவ்வொன்றிலும் ஒரு துளி ரத்தம். முழங்கை. தோள்.

"அக்கா, நிறுத்தச் சொல்லுங்க!"

ஈவ்லின் எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கெசியாவின் மணிக்கட்டைப் பிடித்து விளக்குக்குக் கீழே இழுத்தாள்.

"அசையாதடி."

ஒரு கையால் நோட்டைத் திறந்து, கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்த புள்ளிகளை எண்ணத் தொடங்கினாள்.