இரண்டு சேரிக்கும் நடுவில்

எக்கோ வரக்கூடாத இடத்திலிருந்து வந்தது.

நல்லரத்தினம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நாடாவைப் பின்னே ஓட்டி மறுபடியும் கேட்டான். இடது காதில் வடசேரிக்காரர் பாடி முடித்தார்கள். அவர்களுடைய எக்கோ இடப்பக்கமாகவே தேய்ந்து போனது. வலது காதில் தென்சேரிக்காரர் எடுத்துப் பாடினார்கள். அதன் எக்கோ வலப்பக்கம் போய் அடங்கியது. இதுவரை சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில், மூக்குக்கு நேரே, அவன் ஒருவரையும் நிறுத்தி வைக்காத இடத்தில், ஒரு குரல் கொஞ்சம் பிந்தி, தனியாக அந்த அடியின் கடைசிச் சொல்லைப் பாடிவிட்டு நின்றது.

நாடாப் பிழையாக இருக்கும் என்று நினைத்தான். அப்படி நினைக்க விரும்பினான் என்பதுதான் உண்மை.

மனைவி சின்னத்தங்கம் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக வாவியைக் கடந்து பழுகாமம் போயிருந்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தாலும் இந்த அறைக்குள் எந்த நேரமும் இருட்டுத்தான். பதிவில் துவக்குச் சூட்டுச் சத்தம் விழக்கூடாதென்று யன்னலுக்குப் பலகை அடித்து, சுவரெல்லாம் தும்பு மெத்தையைத் தொங்கவிட்டிருந்தான். கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கதவிடுக்கால் வற்றிய வாவியின் சேற்று மணம் வந்தது. அதோடு சூடேறிய பெட்டிகளின் வாடையும் அவனுடைய வேர்வை நாற்றமும் கலந்து மூச்சை அடைத்தன.

கண்ணகியம்மன் சடங்குக்கு முன் இந்தக் கொம்பு விளையாட்டுப் பாட்டுக் கசெற் வெளிவர வேண்டும். ஆரையம்பதியில் பிறந்த ஒவ்வொருவரும் ஒன்றில் வடசேரி, இல்லாவிட்டால் தென்சேரி. அம்மன் பேரில் இரண்டு கட்சியும் எதிரெதிரே நின்று கொம்பை மாட்டி இழுக்கும், ஒன்றை ஒன்று நையாண்டி பண்ணிப் பாடும். போன கசெற்றில் நல்லரத்தினம் பெரிய பிழை விட்டிருந்தான். காத்தான்குடி றவூப் கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த எக்கோ பெட்டிக்கு, எல்லாரையும் ஒரே வயரால் அனுப்பிவிட்டான். ஒரு வயரால் போனால் மோனோ. இடப்பக்கம் நிற்பவன் யார், வலப்பக்கம் நிற்பவன் யார் என்று பெட்டிக்குத் தெரியாது. எல்லாரையும் ஒன்றாகப் பிசைந்து எக்கோவை நடுவில் கொண்டுவந்து கொட்டிவிடும். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் கந்தப்போடி கேட்டுவிட்டுத் துப்பாத குறை.

"என்ன தம்பி இது, ரெண்டு சேரியும் ஒரே கிணத்துக்குள்ள விழுந்து கத்தின மாதிரி இரிக்கு? சேரி கலந்தா அம்மாள் குளிருவாவா?"

அதனால் இந்தமுறை இரண்டு வயர். வடசேரிக்கு ஒன்று, தென்சேரிக்கு ஒன்று. ஸ்டீரியோ. அவரவர் எக்கோ அவரவர் பக்கம். நடுவில் வெறும் வெளி.

அந்த வெளியில்தான் யாரோ நின்றான்.

யாரோ என்ன யாரோ. முதல் தரம் கேட்டபோதே நல்லரத்தினத்துக்குத் தெரிந்துவிட்டது. தென்சேரிக்கு முன்பாட்டுக்காரனாகப் போன வருடம் இதே அறையில் நின்று பாடிய கதிர்காமத்தம்பியின் குரல். மீன் பிடிப்பவன். பாட்டுக்கு நடுவே சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவான். அந்த அடக்கிய சிரிப்பு, குரலின் அடியில் கிடக்கும். அதைப் பதிந்துவிட்டு நல்லரத்தினம் ஒரு கிழமையாக இரவும் பகலும் அதையே ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தான். சோறு தின்னும்போதும் அதே குரல், படுத்தாலும் அதே குரல். அந்தக் கிழமைதான் ஆமியின் சுற்றிவளைப்பு வந்தது.

அவனைப் பிடித்துப் போய் முகாமில் காலையிலிருந்து சீமெந்து நிலத்தில் இருத்தி வைத்தார்கள். மூலையில் ஒரு பைப் சொட்டிக்கொண்டிருந்தது, குடிக்க விடவில்லை. பிறகு ஒரு கசெற்றைப் போட்டார்கள். வோக்கி டோக்கியில் இயக்கக்காரன் ஒருவன் வள்ளம் வருவதைப் பற்றி இரண்டு வசனம் பேசுகிறான். இரைச்சல் முக்கால்வாசி, குரல் கால்வாசி.

"நீதானே ஊர்ல எல்லார்ட குரலையும் பதியிறவன்? ஆர் இது?" என்று மொழிபெயர்ப்பாளன் கேட்டான்.

நல்லரத்தினத்தின் காதுக்குள் அப்போது ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

"கதிர்காமத்தம்பிட மாதிரி இரிக்கு."

"மாதிரியா? அவனா?"

"அவன்தான்."

பிளேன்டீ கொடுத்தார்கள். சீனி கூட. குடித்தான், ருசித்துக் குடித்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கை அறுத்து எறியலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் காற்றுப் பட்டுக் காது தெளிந்தது. அது கதிர்காமத்தம்பி இல்லை. அந்தக் குரலில் சிரிப்பே இல்லை. நல்லரத்தினம் றோட்டின் நடுவில் நின்றான். முகாம் பின்னால் அரைக் கட்டைத் தூரந்தான், அரை மைல். திரும்பிப் போய், பிழையாகச் சொல்லிவிட்டேன் சேர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன்னை விடுவார்களா என்று யோசித்தான். யோசித்தபடியே வீட்டுக்கு வந்துவிட்டான். அன்று மாலை கதிர்காமத்தம்பியை வலையோடு கரையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

காட்டிக் கொடுத்தது யார் என்று ஊர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

நல்லரத்தினம் தென்சேரியின் எக்கோக் குமிழை முழுதாகக் குறைத்துவிட்டு நாடாவை ஓடவிட்டான். வலப்பக்கம் எக்கோ இல்லாமல் வறண்டது. நடுவில் குரல் இருந்தது. வடசேரியையும் குறைத்தான். இருந்தது. பெட்டியின் பின்னால் கையை விட்டு இரண்டு வயரையும் பிடுங்கினான். இப்போது எக்கோவே இருக்கக்கூடாது.

இருந்தது. அதுமட்டுமல்ல, பிந்தி வந்த குரல் இப்போது முந்தி வந்தது. தென்சேரிக்காரர் வாயெடுக்குமுன் நடுவில் நிற்பவன் எடுத்தான். அவர்கள் பின்னால் பாடினார்கள்.

அவன் பாடிய இடமும் எக்கோ பெட்டி உண்டாக்குகிற கோயில் மண்டபம் இல்லை. நல்லரத்தினத்தின் காது அந்த இடத்தை அளந்தது. சின்ன அறை. தாழ்ந்த கூரை. சீமெந்து. மூலையில் ஏதோ சொட்டுகிறது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டான்.

"அண்ணன்... அண்ணன், இரிக்கிறீங்களா?"

வெளியே பெண் குரல். மங்கையற்கரசி. கதிர்காமத்தம்பியின் மனைவி. இன்று வருவதாக முந்தாநாளே சொல்லியனுப்பியிருந்தாள். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கதவைத் திறந்தான். வெயிலில் நடந்து வந்த முகம். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. அவள் அதை அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை.

"ஊரடங்குக்கு முதல் போயிருவன். அவர்ட குரல ஒருக்காக் கேட்டுட்டுப் போறன். ஒரு படம்கூட நல்லதா இல்ல அண்ணன், எனக்கு."

"பெட்டி பிழையா இரிக்கு தங்கச்சி. நாளைக்கி வாங்களன்."

"பிழையெண்டாலும் பறவாயில்ல."

அவள் உள்ளே வந்து வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். மேசையில் கிடந்த ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டினாள். தடுப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவனிடம் இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. போன வருடம் பதிந்ததை எடுத்து மாட்டினான். நாடாவை ஓடவிட்டான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரித்தாள். அவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஹெட்போனின் ஓரத்தால் பாட்டு மெலிதாகக் கசிந்தது. ஒன்றுமில்லை, வெறும் பாட்டுத்தான், கேட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று அவன் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. பெட்டிகளின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. நாடா இழுபட்டு நின்றது.

அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ஓம்," என்றாள் இருட்டில். "ஓம்... சொல்லுங்க."

"தங்கச்சி. கரண்ட் போயிற்று."

"நான் நல்லா இரிக்கன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"கழட்டுங்க தங்கச்சி."

அவள் கையை உயர்த்திக் காட்டினாள். பொறுங்கள் என்று. கதவால் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் அந்தக் கை மட்டும் தெரிந்தது. நல்லரத்தினம் ஹெட்போன் வயரைப் பிடித்து இழுத்தான். மறுமுனை சுலபமாக அவன் கைக்கு வந்தது. அது எதிலும் மாட்டியிருக்கவில்லை.

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெடுநேரம். ஒருதரம் விம்மினாள்.

"அண்ணன்."

"ம்."

"அவர் கேக்கிறார். அண்டைக்கு அந்த வோக்கியில கதைச்சது ஆரெண்டு."

வோக்கி. அதைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த முகாம் அறையில் இருந்தவர்களைத் தவிர. அவன் சின்னத்தங்கத்திடம்கூடச் சொன்னதில்லை.

சொல்லிவிடலாம். இந்த ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்து அழுகுவதை இப்போதே கொட்டிவிடலாம். காலில் விழலாம். எனக்குத் தெரியாது தங்கச்சி, தெரியாமலே சொன்னேன், தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறந்தான்.

பாட்டு வந்தது.

அவனுடைய வாயிலிருந்து. அவனுடைய தொண்டை அதிர. தென்சேரியின் எடுப்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு சுருதி பிசகாமல். அவனுக்குப் பாடவே வராது.

வாயை மூடினான். நின்றது. பயந்து பயந்து திறந்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மங்கையற்கரசி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். முகத்தில் வியப்பு ஏதும் இல்லை. எழுந்து வந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாங்க. வீட்ட போவம். நேரமாப் போச்சு."

அவன் இழுத்தான். அவளுடைய பிடி இளகவில்லை. கால்கள் அவள் பின்னால் போயின. விறாந்தை. படலை. ஒழுங்கை. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஊரடங்கு தொடங்கிவிட்டது, வீடுகளெல்லாம் கதவைச் சாத்தியிருந்தன. யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டான். பாட்டுத்தான் போனது, ஒழுங்கை நெடுக. ஒரு வீட்டு யன்னல் திறந்து, சட்டென்று மூடியது. உள்ளே ஒரு கிழவி யாருடைய பெயரையோ சொல்லி அலறினாள்.

ஒழுங்கை மெயின் றோட்டில் ஏறுகிற இடத்தில் மண்மூட்டைகள். ஆமியின் காவலரண், சென்றிப் பொயின்ற். அவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். பிடித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான். கடைசியாகக் கேட்டவர்களும் அவர்கள்தான்.

வாயை இறுக்கி மூடினான். பல் உதட்டில் இறங்கியது. உப்பு.

டோர்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. துவக்கின் கிளிக்.

"கவுத? நம மொகத?"

சிங்களத்தில் பெயர் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் சுடுவார்கள். நல்லரத்தினம். எட்டு எழுத்து. மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். நல்லரத்தினம். நல்லரத்தினம். நல்லரத்தினம்.

"நம மொகத!"

வாயைத் திறந்தான்.

"கதிர்காமத்தம்பி," என்றது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ எழுந்து நின்றார்கள். இன்னொரு டோர்ச் எரிந்தது. இரண்டு வெளிச்சமும் இரண்டு பக்கத்தாலும் வந்து அவனுடைய முகத்தில் கூடின. மங்கையற்கரசி மெல்லக் கையை விட்டுவிட்டு, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, றோட்டோரமாக ஒதுங்கி நின்றாள்.