ஜின் அமத்திய பொத்தான்

"யா அல்லாஹ்...!"

ஸுல்பிகாவின் அலறலில் பக்கத்து வளவுக் கோழிகள் சிதறின.

டிவி தானாகவே ஓடத் தொடங்கிக் காதைக் கிழித்தது! ரிமோட் அவள் மடியில்... விரலோ பொத்தானில் இல்லை.

இந்தக் கிழமை இது ஐந்தாவது தடவை!

ஜின் விரட்ட ஓத வந்த அபூசாலி, கலர் டிவியை மூன்று தரம் சுற்றி வந்தார்.

"சவூதி ஜின்! பெட்டியோட வந்து, இப்ப இந்தப் புள்ளைட கைக்குள்ள பூந்திரிக்கி. அதுதான் அமத்துது."

"கஸ்டம்ஸ்ல ஒருத்தரும் புடிக்கல்லியா?" என்றாள் ஸுல்பிகா.

கணவன் மசூர் முறைத்தான். டிவியை ஜித்தாவிலிருந்து சுமந்து வந்தவன் அவன்.

"பகிடி உடாத புள்ள! இந்த ஊட்ட வித்துப்போட்டுப் போவம். உறுதியில கையொப்பம் வை."

வீடு, அவள் வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. உறுதிப் பத்திரமும் அவள் பெயரில்.

ஐந்து நாளாகத் தூக்கமில்லை. தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. உண்மையிலேயே நான்தான் அமத்துகிறேனோ...?

மறுநாள், கல்முனையில் ரேடியோ திருத்தும் பெனடிக்கின் கடையில் போய் அழுதாள்.

"ரிமோட்ல பற்றரியக் கழட்டிப் பாக்கட்டா அண்ணன்?"

"வேணாம் தங்கச்சி. கழட்டினா கள்ளன் உசாராயிடுவான்!"

மசூர் இல்லாத நேரம் பெனடிக் வந்து, டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். அதில் ஒரு சிவப்பு விளக்கு.

"ரிமோட் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில கணக்குப் போட்டு அனுப்புது. அதில மூண்டாவது இலக்கம் ஒண்டா சைபரா எண்டத இந்த விளக்கு காட்டும். அமத்துங்க."

எரிந்தது.

"விட்டுட்டுத் திரும்ப..."

அணைந்தது.

"இன்னொருக்கா."

எரிந்தது!

"ஒவ்வொரு அமத்துக்கும் மாறும். அமத்திப் புடிச்சுக்கொண்டே இருந்தா மாறாது. ரெண்டு தரம் அமத்தினீங்களா, ஒரே தரமா எண்டு டிவி அறியுறது இதாலதான்."

"ஜின் அமத்தினா?"

"ஜின்னெண்டாலும் இந்த ரிமோட்ட அமத்தினா மாறத்தான் வேணும்! இப்ப எரியுது. அடுத்த அமத்துக்கு அணைய வேணும். அணையாட்டி..."

"அணையாட்டி?"

"வேற ரிமோட்!"

அன்று பின்னேரம் அபூசாலி மறுபடி ஓத உட்கார்ந்தார். மசூர் சிகரட் பிடிக்க வெளியே போனான். பெனடிக் குசினி அடுப்படியில் பதுங்கியிருந்தார்.

திடீரென்று டிவி அலறியது!

ஸுல்பிகா விளக்கைப் பார்த்தாள்.

அணையவில்லை...!

"நான் இல்ல...! என்ட கை இல்ல!"

குசினியிலிருந்து பாய்ந்து வந்த பெனடிக் அபூசாலியைப் பிடித்தார். ஜிப்பாப் பையில் ரிமோட் இல்லை. மடித்த கடதாசி ஒன்றுதான் இருந்தது.

வீட்டின் விற்பனை உறுதி! வாங்குபவர்: அபூசாலி. விலை... ஒரு ஆட்டுக் கொட்டிலுக்குக்கூடக் காணாது.

"அப்ப அமத்தினது ஆரு?"

ஸுல்பிகா பாதி விலகியிருந்த ஜன்னல் சீலையை முழுதாக இழுத்தாள்.

வெளியே மசூர்! வாயில் சிகரட்... கையில் இரண்டாவது ரிமோட்!

"புள்ள... அபூசாலிதான் ஊட்டத் திருப்பி நல்ல விலைக்கு வித்துப் பாதிக் காசு மறைவாத் தாறன் எண்டாரு..."

"நீங்கதான் யோசனை சொன்னீங்க!" என்றார் அபூசாலி, ஓதுவதை நிறுத்தி.

ஸுல்பிகா உறுதியை நாலாகக் கிழித்தாள். பார்க்கப் பயந்த அதே கையால்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க. இது என்ட ஊடு."

"டிவி என்டது!" என்றான் மசூர், சுருதி குறைந்து.

"ஆளுக்கொரு ரிமோட் தாறன். முன்னுக்கு நிண்டு அமத்துங்க... டிவி உங்கட பின்னால நடந்து வருதா பாப்பம்!"