சந்தியாவைத் தேடி வந்தவன்

"சிரிக்காதேங்கோ. இது எங்கடை குடும்ப விசயம்."

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் மேர்சிக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள்... முடியவில்லை. குருநகர்க் கோயில் அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை அவளுக்கு. அந்த மார்கழி மழையில் தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்தவன், நனைந்த பையைத் தூக்கி அவளுடைய காகிதங்களின் மேலேயே வைத்தான். பிறகு, "சந்தியா எண்டொரு பொம்பிளையைத் தேடி லண்டனிலை இருந்து வந்தனான்" என்றான்.

"முதல்லை பையை எடுங்கோ. பிறகு... சந்தியா பொம்பிளை எண்டு ஆர் சொன்னது?"

"உலகமே சொல்லுது. ரெக்ஸ் சவிரியின்ரை பாட்டுக் கேட்டதில்லையோ?"

கேட்காதவர் யார்? லண்டன் ரொக் பாடகன் ரெக்ஸ் சவிரி, கரகரத்த குரலில் "சந்தியா... சந்தியா..." என்று உருகும்போது, விளையாட்டரங்கு நிறைந்த கூட்டம் கைபேசி விளக்குகளை உயர்த்தி அழும். குருநகரில் பிறந்து கப்பலேறிப் போன அவருடைய தகப்பன் சவிரிமுத்து, கடைசிக் காலத்தில் புலம்பிய பெயர் அது. தகப்பன் ஊரில் விட்டுவந்த காதலி என்று நினைத்து மகன் கட்டிய பாட்டு.

"எங்கடை ஊரிலை சந்தியா எண்டா ஆம்பிளை" என்றாள் மேர்சி. "யாகப்பர் எண்ட புனிதருக்குப் போர்த்துக்கேயர் விட்டிட்டுப் போன பேர். இந்தத் தெருவிலை மட்டும் நாலு சந்தியா இருந்தவை. நாலு பேருக்கும் மீசை!"

அவன் தொப்பென்று கதிரையில் இருந்தான்.

"முப்பது வருசமா... மீசைக்காரனுக்கோ அழுதவை?"

அந்தக் கண்கள்! மழைத்துளி தங்கிய இமைகளுக்குள் திகைப்பும் குறும்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. மேர்சி சட்டென்று பதிவேட்டைத் திறந்தாள். எங்கேயாவது பார்க்க வேண்டுமே...

அவன் கொடுத்த அட்டையில் ஜெரிசன் சவிரி என்றிருந்தது.

"ரெக்ஸின்ரை ஆளோ?"

"ஓம். ரெக்ஸ் வீட்டிலைதான் வளர்ந்தனான்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் நிற்பது தகப்பன் பெயர். வெளிநாட்டில் அதுவே குடும்பப் பெயராகி, பாட்டனிடமிருந்து மகனுக்கும் பேரனுக்கும் போய்ச் சேரும். அப்படியென்றால் ரெக்ஸின் மகன்... இதில் கேட்க என்ன இருக்கிறது?

சவிரிமுத்துவின் பதிவையும் அவருக்கு வேண்டிய சந்தியாவையும் ஏழு நாள் தேடினார்கள். செல்லரித்த தாளை அவள் மெல்லப் புரட்டுவாள், அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். "மதலேனாள்" என்பதை "மெதுவா வந்தாள்" என்று வாசித்து ஒருமுறை திட்டு வாங்கினான். அடுத்த நாளும் வேண்டுமென்றே அப்படி வாசித்தான். அவன் வர ஐந்து நிமிடம் பிந்தினால், வாசல் படலைச் சத்தத்துக்குத் தன் காது நீளுவதை மேர்சி கவனித்தாள். இதென்ன புதுப் பழக்கம்... என்று தன்னையே அதட்டினாள். அதட்டல் யார் காதில் விழுந்தது?

எட்டாம் நாள் அவன் வருவதற்கு முன்பே அது கிடைத்துவிட்டது. 1935. அந்தோனிப்பிள்ளை, மதலேனாள் தம்பதியரின் மகன் சவிரிமுத்து. ஐந்து வருடம் முந்திய ஏட்டில் அதே தாய் தகப்பனுக்கு மூத்த மகன்... சந்தியா.

அந்தத் தாய் தகப்பன் பெயர் இரண்டையும் கார்த்திகை மாதத்தில், மரித்தோர் நாளில், மெழுகுதிரி கொளுத்தும்போது அவள் தன் பூட்டன் பூட்டியின் கல்லறைக் கல்லில் வாசித்திருக்கிறாள். அந்தச் சந்தியா அவளுடைய அப்பாவைப் பெற்ற அப்பப்பா.

தபால்காரனின் மணி கேட்டால், உடனே சேர்ட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு படலைக்குப் போகும் அப்பப்பா. "சின்னவன் எழுதுவான்" என்பார். சின்னவனின் முழுப்பெயரை அவர் சொன்னதே இல்லை. படகுப் பங்கில் வந்த ஒரு சண்டை... அவன்தான் முதலில் எழுத வேண்டும் என்ற வீம்பு. அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, கடிதம் பார்க்காமலே கண்ணை மூடினார். அங்கே சின்னவனும் அண்ணனின் பெயரைச் சொல்லி அழுதிருக்கிறான்...

ஏட்டின் மேல் கண்ணீர் விழாமல் விலகி இருந்தாள். அப்போதுதான் மற்றது உறைத்தது. அவள் அப்பாவும் ரெக்ஸும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அண்ணன் தம்பி முறை. அப்படியென்றால் ரெக்ஸின் மகன் அவளுக்கு...

ஜெரிசன் சிரித்தபடி வந்தான். மேர்சி ஏட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"சந்தியா கிடைச்சிட்டார். என்ரை அப்பப்பா." ஏட்டை மூடினாள். "எல்லாம் சரி தானே... அண்ணை?"

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது.

"அண்ணையோ? நேற்றுவரைக்கும் இல்லாத அண்ணை?"

"முறை அதுதான்."

"விளங்குது. நான் அளவுக்கு மிஞ்சிக் கதைச்சிட்டன் போல. வேண்டாமெண்டால் நேரா வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம்."

விறுக்கென்று போய்விட்டான். கூப்பிட்டு விளக்க அவளுக்கும் மனம் வரவில்லை. முறையைக்கூட அறியாமல் இப்படிக் கோபப்படுகிறவனிடம் என்னத்தைக் கதைப்பது? மூன்று நாள் மழையும் இல்லை, அவனும் இல்லை. படலை மட்டும் யார் யாருக்கோ திறந்தது.

நாலாம் நாள் வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

"பதிவுப் பிரதி வேணும். நாளைக்குப் பிளேன்."

அவள் பிரதியை உறையில் இட்டு நீட்டினாள். முகம் பார்க்காமல் கேட்டாள்:

"கேள்விப்பட்டு அப்பா என்ன சொன்னவர்?"

"எந்த அப்பா? அவர் எங்கை இருக்கிறாரோ தெரியாது."

"ரெக்ஸைக் கேட்டன்."

"ரெக்ஸோ? அவர் என்ரை மாமா. அம்மான்ரை அண்ணை."

மேர்சியின் கை உறையை விடவில்லை.

"அப்ப... சவிரி எண்ட பேர்?"

"அப்பா விட்டிட்டுப் போன பிறகு அம்மா தன்ரை குடும்பப் பேரையே எனக்கும் வைச்சவா. மாமா வீட்டிலை வளர்ந்தன். உலகமே ரெக்ஸ் எண்டு கூப்பிடுது, நானும் அப்பிடியே பழகிட்டன். ஏன், என்ன?"

ரெக்ஸின் தங்கை அப்பாவுக்கும் தங்கை முறை, அவளுக்கு மாமி. மாமியின் மகன்... மேர்சியின் முகம் தானாகச் சிவந்தது.

"அப்ப நீங்கள் அண்ணை இல்லை. மச்சான்."

அவன் கசப்பாகச் சிரித்தான். "லண்டனிலை என்ரை ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுறவை. அதுக்கு அண்ணை பரவாயில்லை."

உறையை இழுத்து எடுத்துக்கொண்டு திரும்பினான். வாசல்வரை போய்விட்டான். கடவுளே... இவனுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தித்தான் ஆக வேண்டுமா?

"நில்லுங்கோ!"

அலுவலகமே அதிர்ந்தது போலிருந்தது. அவன் நின்றான்.

"அது ஃபிரெண்டுக்குச் சொல்லுற மச்சான் இல்லை." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "முறை மச்சான். நான் கட்டக்கூடிய ஆள். இந்த மூண்டு நாளும் அது ஏலாதெண்டு நினைச்சுத்தான் அழுதுகொண்டிருந்தனான்... விளங்குதோ?"

அவன் மெல்ல நடந்து வந்து, எதிரில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"விளங்குது, மச்சாள்" என்றான்.