கட்டுப் போட்ட துலிப் பூக்கள்

மட்டாஞ்சேரியில் வாழைப்பழக் கடை வைத்திருக்கும் சிகாபுதீனின் மூத்த மகள், அதே கடை வாசலில் பழத்தோல் வழுக்கி விழுந்தால் தெரு சும்மா இருக்குமா? போகிறவர் வருகிறவர் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "எந்தா மோளே, எப்படி விழுந்தே?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பு வேறு!

அன்ஸியா ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டாள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பேசாமல் கிடந்தாள். தங்கை ஃபிதாவுக்கு மனசே ஆறவில்லை. ஊரிலேயே பெரிய வாயாடி அல்லவா, அவள் லாத்தா என்று கூப்பிடும் இந்த அக்கா!

போதாக்குறைக்கு, உயிர்த்தோழி ஸ்நேஹாவின் கல்யாணமும் ஆலுவாவில் நடந்து முடிந்துவிட்டது. அன்ஸியாவால் போக முடியவில்லை. ஆனால் ஸ்நேஹா மறக்கவில்லை. மேடையை அலங்கரித்த துலிப் பூக்களில் ஒரு கட்டு அனுப்பியிருந்தாள்.

"என்ன அழகுடீ!" அன்ஸியா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். "பத்திரமா வை. காலையில ஜாடியில போட்டுக்கலாம்."

ஃபிதாவுக்குத் தெரிந்த பூ மல்லிகைதான். மல்லிகை என்றால் தண்ணீர் தெளித்து, வாழையிலையில் சுற்றி, குளிர்ச்சியான மூலையில் வைக்க வேண்டும். அப்படியே செய்தாள். வீட்டில் குளிர்ச்சியான இடம், அத்தா பழக்குலைகளை அடுக்கும் உள்ளறைதான்.

காலையில் இலையைப் பிரித்தால், ஐயோ! எல்லாப் பூக்களும் தலை தொங்கிக் கிடந்தன.

"பாத்தியா, நம்ம வீட்டுக்கு வந்ததும் பூவும் ஒடிஞ்சு போச்சு," என்றாள் அன்ஸியா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஃபிதாவுக்கு அழுகை முட்டியது. பூக்களை வாரிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். அங்கே ஒரு சாயா கிளாஸில் ஒற்றைத் துலிப் விறைப்பாக நின்றது!

"அனீஸ்! இது உன் வேலையா?"

தம்பி மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினான். "ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன்."

"பூ கேட்டுச்சா?"

"வாயைத் திறந்துட்டு இருந்துச்சே!"

ஃபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யோசித்தாள். அவன் பூ தண்ணீரில் நின்றது. தன் பூக்களோ பழக்குலைக்குப் பக்கத்தில் படுத்திருந்தன. பழுத்த பழத்தோடு வைத்தால் மாங்காயே சீக்கிரம் பழுத்துவிடும். கடைக்காரர் மகளுக்கு இது தெரியாதா? பாவம், பூவை மட்டும் பழம் விட்டுவைக்குமா?

காம்புகளின் நுனியைச் சாய்வாக நறுக்கினாள். வாளியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி நிறுத்தினாள். நிற்கவே இல்லை, வளைந்து வளைந்து விழுந்தன.

"லாத்தா காலு நேரா நிக்க டாக்டர் என்ன செஞ்சாரு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"கட்டுப் போட்டாரு!" என்றான் அனீஸ்.

பிறகென்ன? பழைய பேப்பரை எடுத்து, பூக்களைக் கழுத்துவரை இறுக்கிச் சுற்றினாள். வாளியோடு குளியலறை இருட்டில் வைத்தாள். அனீஸ் காவலுக்கு நின்றான்.

"டேய், நான் குளிக்கணும்டா!" என்றார் அத்தா.

"இது ஆஸ்பத்திரி. நாளைக்குக் குளிங்க அத்தா."

சாயங்காலம் பேப்பரைப் பிரித்தார்கள். பூக்கள் நிமிர்ந்து நின்றன! ஃபிதா அவற்றை ஜாடியில் வைத்து லாத்தாவின் அறைக்குக் கொண்டுபோனாள். அன்ஸியா ஒரு இதழை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பூக்கள் மறுபடி வளைந்திருந்தன. ஃபிதா பதறிப்போய்க் காம்பைத் தொட்டாள். உறுதியாகத்தான் இருந்தது. சாத்திய ஜன்னலின் இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. எல்லாப் பூக்களும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தன.

"எனக்குன்னு வந்த பூ, என்னைப் பாக்கவே மாட்டேங்குதே," என்றாள் அன்ஸியா.

"அதுக்கு வெளிச்சம் வேணும் லாத்தா. நீ அங்க போய் உக்காந்தா உன்னைப் பாக்கும்."

அன்ஸியா கொஞ்ச நேரம் பூக்களையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். ஃபிதா அவளைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அன்ஸியாவே ஜன்னலைத் திறந்தாள்.

வைப்பின் தீவுக்குப் போகும் படகைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ரமேஷ்பாபு சேட்டன் சட்டென்று நின்றார். "எந்தா மோளே, எப்படி விழுந்தே?"

ஃபிதா ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினாள்.

"எங்க அத்தா கடைப் பழம் அவ்வளவு விசேஷம் சேட்டா, தோல்கூட ஆளை விடாது!" என்றாள் அன்ஸியா. "நீங்களும் ஒரு சீப்பு வாங்கிட்டுப் போங்க. தோலை மட்டும் பாத்துப் போடுங்க!"

தெருவே சிரித்தது. அன்ஸியாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஜாடியில் இருந்த பூக்கள் எல்லாம் இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.