நான்கு பேருக்கான மேசை

“ஊர்ல வேற ஓட்டலே இல்லையா? என்னை அசிங்கப்படுத்தணும்னே அதைப் பிடிச்சியா?”

மாமியார் தேநீரைத் தொடவே இல்லை. இன்று அவருக்கு எழுபது நிறைகிறது. அதற்காக மருமகள் மேசை பிடித்திருந்த பெரிய ஓட்டலின் சமையலறையில் பதினெட்டு வருடம் பாத்திரம் கழுவியவர் அவர். முன்கூடத்தில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

“அதுக்கில்ல அத்தை... நீங்க ஒரு தடவை...”

“எங்கம்மா எச்சித் தட்டு கழுவினதை, பிறந்தநாள் அதுவுமா ஞாபகப்படுத்துறா பாரு அண்ணா!” என்றாள், விசேஷத்துக்கென வந்திருந்த நாத்தனார்.

கணவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. “ரத்து பண்ணிடு.”

“கட்டின பணம் திரும்பி வராதுங்க...”

அதற்கு மேல் வாயைத் திறந்தால் அழுகைதான் முந்தியது. மூன்று மாதம் பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்த பணம். ஏழெட்டு ஓட்டல் ஏறி இறங்கியிருந்தாள். வேறு எங்கேயாவது என்றால் இதில் பாதியில் முடிந்திருக்கும். இங்கே இரவுச் சாப்பாடு எட்டாத விலை. மதியச் சாப்பாடும் நாலு பேருக்குத்தான் தேறியது. போகிறவர்களோ ஐந்து பேர்.

பணம் வீணாகக் கூடாதே என்றுதான் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவளோடு யாரும் பேசவில்லை.

ஜன்னலோர மேசை. நாலு நாற்காலி.

“அம்மாவுக்கு எங்க?” என்றாள் ஏழு வயது மகள்.

“எனக்கு வயிறு சரியில்லடா... வெளியில உட்கார்றேன்.”

“நம்மகூட ஒரே மேசையில உட்கார மகாராணிக்கு ஆகல!” என்றாள் நாத்தனார்.

“இன்னைக்காவது இந்த நாடகத்தை விடேன்!” கணவன் பல்லைக் கடித்தான்.

போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவள் நின்றாள்.

சூப் கொண்டுவந்த பரிமாறுபவருக்கு இது எதுவும் தெரியாது. “நீங்கதானா பெரியம்மா? இவங்க மூணு தடவை வந்து மேசை பார்த்தாங்க. ‘பின்வாசல்லயே வந்துபோனவங்க, ஒரு நாள் முன்வாசல் வழியா வந்து உட்காரணும், நீங்கள்லாம் நின்னு பரிமாறணும்’னாங்க. அஞ்சாவது ஆளுக்குப் பணம் பத்தலைன்னு...”

“தம்பி... போதும்...” என்று தடுத்தாள் அவள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்னோடதுல பாதியை இவளுக்குக் குடுப்பா,” என்றார் மாமியார்.

“மன்னிக்கணும்மா... ஒருத்தர் சாப்பாட்டை ரெண்டு பேர் பிரிச்சுக்க இங்க அனுமதியில்ல.”

“எழுந்து இடம் குடுக்கலாமில்ல?”

கேட்டபடி மாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கணவன் பதறினான். “நீ உட்காரும்மா! நான் எழுந்துக்கிறேன்.”

“நீ அப்புறம் எழுந்திரு. முதல்ல நான்.”

பரிமாறுபவர் முதலாளி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த மேசையில் இல்லாத தூசியைத் துடைக்கப் போனார்.

மருமகளின் தோளை அழுத்தி உட்காரவைத்தார் மாமியார். “காலையில என்னென்னவோ பேசிட்டேன்... மனசுல வெச்சுக்காத கண்ணு. சாப்பிடு.”

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

“அழுதுட்டே முழுங்காத... தொண்டையில சிக்கிக்கும்!”

சொன்னவர் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.